சிறிய பயணிகள் விமானத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்: புதிய துணை விமானிகளுக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சிப் பள்ளியில் ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் பறந்து உரிமம் பெற்ற ஒருவர், 19 இருக்கைகள் கொண்ட இரட்டை எஞ்சின் டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும்) விமானத்தின் வலது இருக்கையில் முதன்முதலாக அமரும்போது, எதிரே வரிசையாக நிற்கும் எச்சரிக்கை விளக்குகளைக் கண்டு சற்று மலைத்துப் போவது இயல்பு. ஒவ்வொரு விளக்கின் பெயரையும் பொருளையும் மனப்பாடம் செய்வதிலேயே பலர் வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பு வீணல்ல. ஆயினும், விமானப் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பேசப்படும் விபத்துகளை எடுத்துப் பார்த்தால், விளக்கு எரிந்த பிறகு விமானத்தை ஓட்டுவது யார், எந்த நெம்புகோலைத் தொடுவது யார், அதைச் சரிபார்ப்பது யார் என்ற ஒழுங்கு குலைந்த இடத்தில்தான் அவற்றில் பல தொடங்கியிருக்கின்றன. இக்கட்டுரை அந்த ஒழுங்கைப் பற்றியது.

எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் பீச்கிராஃப்ட் 1900டி விமானத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பி.டி.6 எஞ்சின்கள், காற்றழுத்தம் பராமரிக்கப்படும் பயணிகள் அறை, 25,000 அடி வரை பறக்க அனுமதி என்று இவ்வகை விமானங்களுக்கு நல்ல மாதிரி அது. ட்வின் ஆட்டரிலும் டார்னியர் 228-லும் அறை அழுத்தம் கிடையாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 இவற்றையெல்லாம் விடப் பெரியது. விளக்குகளின் பெயரும் இடமும் விமானத்துக்கு விமானம் மாறும். ஆகவே, இங்கே சொல்லப்படுவதற்கும் உங்கள் நிறுவனத்தின் செயல்முறைக் கையேட்டுக்கும் எங்கேனும் வேறுபாடு தென்பட்டால், கையேடு சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

நிறமும் ஒலியும்

சிவப்பு விளக்கு உடனடிச் செயலைக் கேட்கிறது. மஞ்சள் விளக்கு உடனடிக் கவனத்தைக் கேட்கிறது. செயல் சற்றுப் பின்னர் வரலாம். பச்சை, வெள்ளை, நீல விளக்குகள் ஒரு கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கின்றன. 1900டி-யில் எந்தச் சிவப்பு விளக்கு எரிந்தாலும் இரு விமானிகளின் கண்ணெதிரேயும் தலைமை எச்சரிக்கை விளக்கு சிமிட்டும். மஞ்சளுக்கும் அதுபோல் தனியே ஒன்று உண்டு. ஏ.டி.ஆர். விமானங்களில் சிவப்புக்குத் தொடர்ந்து ஒலிக்கும் மணியோசையும், மஞ்சளுக்கு ஒரே ஒரு மணியோசையும் சேர்ந்து வரும்.

நிறம் அவசரத்தின் அளவை மட்டுமே சொல்கிறது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒற்றை மஞ்சள் விளக்கு சில சமயம் ஒரு பெரிய கோளாற்றின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நான்கைந்து மஞ்சள் விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தால், நான்கைந்து கருவிகள் ஒரே நேரத்தில் பழுதாகிவிட்டன என்று நினைக்க வேண்டாம். அவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் ஒரே மின்தடம் இறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தனித்தனி விளக்குக்குத் தனித்தனிச் செக்லிஸ்ட் எடுத்துப் படிக்கத் தொடங்கினால் மூலக் காரணத்தை எட்டுவதற்குள் நேரம் போய்விடும்.

புறப்படும் முன்பே தொடங்குவது

எச்சரிக்கை விளக்கைக் கையாளுவது, அது எரியும் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறது. விளக்குச் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது பலகை முழுவதும் ஒளிர்ந்துவிட்டால், பெரும்பாலோர் அந்த ஒளி வெள்ளத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து விரலை எடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எரியாமல் இருட்டாக நிற்கும் ஒரு கட்டத்தை. அதற்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்ட வேண்டும்.

இச்சோதனை பல்பு உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் உறுதி செய்கிறது. எஞ்சினில் இருக்கும் உணரி வேலை செய்கிறதா என்பதைச் சொல்வதில்லை. ஆனால் அதையும் செலவில்லாமல் சோதிக்க ஒரு வாய்ப்பு ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. எஞ்சின் ஓடாதபோது ஆயில் அழுத்த விளக்கும் ஜெனரேட்டர் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கி ஜெனரேட்டர் இணைந்ததும் அவை ஒவ்வொன்றாக அணைய வேண்டும். இயக்குவதற்கு முன் எரியாத ஆயில் அழுத்த விளக்கு, வானில் அழுத்தம் இறங்கினாலும் எரியாது. அதைப் புறப்படுமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் அது பொறியாளரின் வேலையாக முடிந்துவிடும்.

இன்னொன்று வெளிச்சம். இரவில் கண் கூசாமலிருக்க விளக்குகளை மங்கலாக்கி வைத்த விமானத்தை மறுநாள் காலையில் எடுத்து, எதிரே சூரியன் இருக்கும் திசையில் ஏறினால், மஞ்சள் விளக்கு எரிவதே கண்ணில் படாது. முதல் பயணத்துக்கு முன் வெளிச்சக் குமிழைப் பகல் நிலைக்குத் திருப்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் சில நொடிகள்

விளக்கு எரிகிறது. முதல் வேலை, விமானத்தை ஓட்டுபவர் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருப்பது. இது கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். நடைமுறையில் இதுவே கடினமானது. விளக்கு எரிந்தவுடன் இருவரின் தலையும் ஒரே பலகையை நோக்கித் திரும்புவது மனித இயல்பு. அந்த இயல்பை எதிர்த்து ஒருவர் தம் கண்ணை உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம் ஆகியவற்றின் மேலேயே வைத்திருக்க வேண்டும். ஐயமிருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது: “நான் ஓட்டுகிறேன், நீங்கள் விளக்கைப் பாருங்கள்.” கேப்டன் அவ்வாறு சொல்ல மறந்துவிட்டால், “சார், ஓட்டுவது யார்?” என்று துணை விமானி கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, டிரைஸ்டார் வகைப் பெரிய விமானம். ஆனால் அது தரும் பாடத்துக்கு விமானத்தின் அளவு பொருட்டல்ல. முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடியில் ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்துவிட்டு, விமானி அறையில் இருந்த எல்லோருமே அந்த விளக்கில் மூழ்கினார்கள். உயரத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பு எப்படியோ விடுபட, விமானம் மெல்ல இறங்கத் தொடங்கியது. உயரம் விலகியதை அறிவித்த மணியோசையை யாரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதி, இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. கருகிப் போயிருந்தது பல்பு மட்டுமே.

ஆட்டோபைலட் இருக்கும் விமானமானால் அதை இயக்கிவிடுவது சுமையைக் குறைக்கும். ஆனால் அது இயங்குகிறதா, எந்த உயரத்தைப் பிடித்திருக்கிறது என்பதை ஒருவர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ட்வின் ஆட்டர் போன்றவற்றில் பெரும்பாலும் ஆட்டோபைலட் இராது. அங்கே ஓட்டுபவர் செக்லிஸ்ட்டை எட்டிப் பார்ப்பதையே தவிர்ப்பது நல்லது.

படிப்பதும் ஒப்பிடுவதும்

அடுத்தது, ஓட்டாதவர் விளக்கில் எழுதியிருப்பதை அப்படியே, எழுத்து மாறாமல், உரக்கப் படிப்பது. “ஏதோ ஆயில் விளக்கு” என்று சொல்லக்கூடாது. “இடது ஆயில் பிரஷர், சிவப்பு” என்று பக்கத்தையும் பெயரையும் நிறத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படித்த பிறகுதான் தலைமை விளக்கை அழுத்தி அணைக்க வேண்டும். அணைப்பது அவசியம், ஏனெனில் அதை அணைத்தால்தான் அடுத்த கோளாறு வரும்போது அது மீண்டும் சிமிட்டும். சிலர் சிமிட்டலின் எரிச்சலில் முதலில் அதை அணைத்துவிட்டு, எந்த விளக்கு எரிந்தது என்று பிறகு தேடுகிறார்கள். பலகையில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்குகளோடு புதியது கலந்துவிட்டால் அந்தத் தேடல் நீளும்.

பிறகு அந்த விளக்கு சொல்வதை வேறொரு கருவியைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஆயில் அழுத்த விளக்கை எடுத்துக்கொள்வோம். விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் வேறு, அளவைக் காட்டும் முள்ளுக்குத் தகவல் அனுப்பும் உணரி வேறு. விளக்கு எரிந்து, முள்ளும் இறங்கி, ஆயில் வெப்பநிலையும் ஏறினால் மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கின்றன. ஆயில் உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது. விளக்கு எரிய, முள்ளும் வெப்பநிலையும் அசையாமல் இயல்பான இடத்தில் நின்றால், சுவிட்ச்சிலோ கம்பியிலோ கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் விளக்கைப் புறக்கணிக்கலாகாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த முள்ளைப் பார்த்து அதன் எண்ணைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

ஒப்பிட வேறு கருவி இல்லாத விளக்குகளும் உண்டு. எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள் சேர்ந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு அப்படிப்பட்டது. எஞ்சினின் கியர்பெட்டியில் ஒரு சிறு காந்தச் செருகி இருக்கிறது; அதன் இரு முனைகளுக்கு நடுவே இரும்புத் துகள்கள் ஒட்டிப் பாலமிட்டுவிட்டால் மின்சுற்று முழுமையாகி விளக்கு எரியும். பொறியாளர் பின்னர் அதைக் கழற்றிக் காட்டும்போது, சில நேரம் கரும்பஞ்சு போன்ற மிக நுண்ணிய தூளும், சில நேரம் நகத்தில் எடுக்கக்கூடிய செதில்களும் இருக்கும். முன்னது வழக்கமான தேய்மானமாக இருக்கலாம்; பின்னது பல்சக்கரமோ பேரிங்கோ உடைந்து வருவதன் அடையாளம். வானில் இருக்கும் நமக்கு எது என்று தெரிய வழியில்லை. ஆகவே ஆயில் அழுத்தம், வெப்பம், டார்க் (எஞ்சின் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் விசை) ஆகிய மூன்றையும் கவனித்துக்கொண்டே கையேடு சொல்வதைச் செய்ய வேண்டும்.

செக்லிஸ்ட்டும் கையும்

எஞ்சினில் தீ, அறை அழுத்தம் இழப்பு போன்ற ஒரு சிலவற்றுக்கு மட்டும் முதல் சில செயல்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அவசரச் செக்லிஸ்ட் புத்தகத்தை எடுத்து, தலைப்பைப் படித்து, “இதுதானே?” என்று கேட்டு, மற்றவர் ஆமென்ற பிறகே முதல் வரிக்குப் போக வேண்டும். மிக அடுத்தடுத்து ஒரே மாதிரித் தலைப்புகள் இருக்கும். ஒரு ஜெனரேட்டர் போனதற்கும் இரண்டும் போனதற்கும் பக்கங்கள் வேறு. செய்ய வேண்டியவையும் வேறு.

நெம்புகோல்களில் சில, ஒருமுறை இழுத்துவிட்டால் அவசர நேரத்தில் திரும்பப் பெற முடியாதவை: எரிபொருளை நிறுத்தும் கண்டிஷன் நெம்புகோல், ப்ரொப்பெல்லரை மடக்கும், அதாவது அதன் தகடுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பிவிடும் நெம்புகோல், தீயணைப்புக் கைப்பிடி. இவற்றுக்கு ஒரு சடங்கே உண்டு. கை வைப்பவர், “வலது கண்டிஷன் நெம்புகோல், சரிதானே?” என்று கேட்டு, கையை அங்கேயே நிறுத்த வேண்டும். மற்றவர் நெம்புகோலையும் எஞ்சின் கருவிகளையும் கண்ணால் பார்த்து, “வலது, சரி” என்று சொன்ன பிறகே அது நகர வேண்டும். மற்றவர் முகத்தைப் பார்த்தோ பழக்கத்திலோ “சரி” சொன்னால் அச்சடங்குக்குப் பொருளில்லை.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா 235 கொடூரமாகக் காட்டியது. அது ஏ.டி.ஆர். 72-600. மேலேறிக்கொண்டிருக்கையில் 2-ஆம் எஞ்சினின் ப்ரொப்பெல்லர் தானாகவே மடங்கிக்கொண்டது. சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த கேப்டன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1-ஆம் எஞ்சினின் சக்தியைக் குறைக்கப் போவதாகச் சொன்னார். சற்றுப் பொறுத்துச் சரிபார்க்கும்படி அருகிலிருந்தவர் சொன்னார். ஆனாலும் நெம்புகோல் பின்னுக்குப் போனது. ஒரு நிமிடத்துக்குள் 1-ஆம் எஞ்சின் முழுவதும் நிறுத்தப்பட்டது. பிழையை உணர்ந்து அதை மீண்டும் இயக்க முயன்றபோது உயரம் மிஞ்சவில்லை. விமானம் பாலமொன்றை உரசி ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். இதைப் படிக்கும் துணை விமானி குறித்துக்கொள்ள வேண்டியது, “பொறுங்கள்” என்று ஒருமுறை சொல்வது போதாது என்பதே. கை நிற்கும்வரை சொல்ல வேண்டும். நிற்காவிட்டால் நெம்புகோலின் முன் தம் கையை வைத்துத் தடுக்கவும் வேண்டும். நிறுவனத்தின் கையேடும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

பழுதான எஞ்சின் எது என்று அறிய விளக்கு ஒன்றையே நம்பாமல், டார்க், டர்பைன் வெப்பநிலை, எரிபொருள் ஓட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும். நேராகப் பறக்க எந்தக் கால் அழுத்திக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின் ஓடுகிறது. சும்மா இருக்கும் காலின் பக்கமே செத்த பக்கம். காலும் கருவியும் ஒத்துப்போகவில்லையென்றால் எதையும் தொடாமல் மீண்டும் பார்க்க வேண்டும்.

கதவு விளக்கு

சிறிய விமானங்களில் மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் விளக்கு இதுதான் என்பது என் கருத்து. பறக்கும்போது கதவு விளக்கு எரிந்தால், பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றே எவருக்கும் தோன்றும். விமானம் சிறியது, கதவு சில அடி தூரத்தில்தான் இருக்கிறது, பணிப்பெண் கிடையாது, பெரும்பாலும் சுவிட்ச்சில்தான் கோளாறு இருக்கும் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து எழச் செய்யும்.

1987 செப்டம்பரில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலிருந்து போஸ்டன் நோக்கிப் பறந்த ஒரு பீச்கிராஃப்ட் 99-இல் நடந்தது இதுதான். பயணிகள் இல்லை, இரு விமானிகள் மட்டும். பின்புறம் ஏதோ சத்தம் கேட்டதால் கேப்டன் விமானத்தைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். காற்றுக் குலுக்கலில் அவர் கதவின் மேல் சாய, படிக்கட்டாகவும் இருக்கும் அக்கதவு திறந்துகொண்டது. வெளியே சரிந்தவர் படிக்கட்டின் கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கினார். விமானி அறையில் துணை விமானி கண்டது, கதவு திறந்ததைக் காட்டும் விளக்கு எரிந்ததை மட்டுமே. கேப்டன் விழுந்துவிட்டார் என்றே கருதி, தேடுதலுக்குக் கேட்டுக்கொண்டு, போர்ட்லண்டை நோக்கித் திரும்பி அவசரமாகத் தரையிறக்கினார். ஓடுபாதைக்குச் சில அங்குலங்கள் மேலே தலை தொங்க, கேப்டன் உயிரோடிருந்தார்.

பீச் 99-இல் அறை அழுத்தமும் கிடையாது. அழுத்தமுள்ள 1900டி-யில் நிலைமை இன்னும் கடுமை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்த வேறுபாடு, 1,300 சதுர அங்குலப் பரப்புள்ள கதவு என்றால், அதை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 3 டன். ஆகவே கதவு விளக்கு எரிந்தால் யாரும் கதவருகே செல்லக்கூடாது. கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. பயணிகள் அனைவரும் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க வேண்டும். கதவை ஒட்டிய இருக்கையில் எவரேனும் இருந்தால் அவருடைய பெல்ட் இறுகியிருப்பதைக் குரல் கொடுத்தே உறுதி செய்ய வேண்டும். கையேட்டின்படி உயரத்தைக் குறைத்து, அறை அழுத்தத்தைப் படிப்படியாக வெளியேற்றி, தரையிறங்கி நின்று, அழுத்தம் முழுதும் போன பிறகே கதவைச் சோதிக்க வேண்டும்.

வேறு சில விளக்குகள்

அறை அழுத்த எச்சரிக்கை பொதுவாக அறையின் உயரம் (அறைக்குள் இருக்கும் காற்றழுத்தம் எந்த உயரத்துக் காற்றுக்குச் சமமோ அது) 10,000 அடியைத் தாண்டும்போது வரும். இதற்கு முதல் செயல் ஆராய்ச்சி அன்று, ஆக்சிஜன் முகமூடி. 25,000 அடியில் முகமூடியில்லாமல் தெளிவாகச் சிந்திக்கக் கிடைக்கும் நேரம் 3 முதல் 5 நிமிடம்தான். அறிவு மங்குவதை மங்குபவர் உணர்வதில்லை. 2005 ஆகஸ்ட் 14-இல் ஹீலியோஸ் 522 பயணிகள் விமானத்தின் விமானிகள் இந்த எச்சரிக்கை ஒலியை, தரையில் மட்டும் வரக்கூடிய புறப்பாட்டு எச்சரிக்கை என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். இரண்டுக்கும் ஒலி ஒன்றாகவே இருந்தது. 121 பேரும் இறந்தார்கள். முகமூடியை அணிந்துகொண்டு, இருவரும் பேசிக்கொள்ள மைக் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, இறக்கத்தைத் தொடங்கிய பிறகு எது தவறு என்று யோசிக்கலாம். பொய் எச்சரிக்கையாக இருந்தால் இழப்பு சில நிமிட எரிபொருள்.

எஞ்சின் தீ விளக்குக்கு நேர்மாறான ஒரு செய்தியும் உண்டு. பழைய கிங் ஏர் விமானங்கள் சிலவற்றில் தீயைக் கண்டறிய ஒளியுணரிகள் இருந்தன. மாலை வெயில் குறிப்பிட்ட கோணத்தில் கவசத்தின் இடுக்கு வழியே விழுந்தாலும் அவை தீ என்று சொல்லிவிடும். விமானத்தின் திசையைச் சிறிது மாற்றினால் விளக்கு அணைந்துவிடும். இப்படிப்பட்ட குணம் உங்கள் விமானத்துக்கு இருந்தால் அதைக் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். எழுதியிராவிட்டால் வெயில் என்று நினைத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. சக்தியைக் குறைத்து, உறுதிசெய்து, செக்லிஸ்ட்டைப் பின்பற்ற வேண்டும்.

ஜெனரேட்டர் விளக்கு ஒன்று எரிந்தால் மற்றது சுமையை ஏற்கும். அதன் சுமைமானியைப் பார்த்து, தேவையற்ற மின்கருவிகளை நிறுத்தி, கையேடு அனுமதித்தபடி ஒரே ஒருமுறை மீட்டமைத்துப் பார்க்கலாம். இரண்டும் போனால் பேட்டரி ஏறக்குறைய அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டு இறங்கும் இடத்தை உடனே முடிவுசெய்ய வேண்டும். சர்க்யூட் பிரேக்கர் துள்ளியிருந்தாலும் இதே விதிதான்: அவசியமற்ற கருவியினுடையதானால் தொட வேண்டாம், அவசியமானதென்றால் கையேடு சொல்லும் ஒருமுறைக்கு மேல் அழுத்த வேண்டாம். அது துள்ளியது கம்பி சூடானதால்.

எரிபொருள் குறைவு விளக்கு ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், மறுபக்கத் தொட்டியிலிருந்து மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். கசிவு இல்லை என்று உறுதியாகும்வரை மாற்றக் கூடாது. கசியும் பக்கத்துக்கு நல்ல எரிபொருளையும் சேர்த்து அனுப்பி வானில் கொட்டுவதாகிவிடும். புறப்பட்டபோது இருந்த அளவு, இதுவரை எரிந்த அளவு, இப்போது மீதியிருப்பதாகக் காட்டும் அளவு ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தால் கசிவு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

சக்கர விளக்குகளில் மூன்று பச்சைகளில் ஒன்று எரியவில்லையென்றால், முதலில் அந்த விளக்கையே அழுத்திப் பல்பைச் சோதிக்க வேண்டும். ஏ.டி.ஆர். போன்ற விமானங்களில் தலைக்கு மேலுள்ள பலகையில் தனிச் சுற்றில் இயங்கும் இரண்டாவது தொகுதி விளக்குகளும் உண்டு. இரண்டில் ஒன்று மூன்று பச்சை காட்டினால் சக்கரம் பூட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதைச் சரிபார்க்கச் சுற்றிப் பறக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும். 1978 டிசம்பர் 28-இல் போர்ட்லண்ட் அருகே, ஆரகன் மாநிலத்தில், யுனைடெட் 173 சக்கர விளக்குக்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேரைப் பலிகொண்டது. எவ்வளவு எரிபொருள் மிஞ்சும்போது, எது எப்படி இருந்தாலும் இறங்கிவிடுவது என்பதைச் சுற்றத் தொடங்கும்போதே கிலோக்கணக்கில் சொல்லி எழுதிவைக்க வேண்டும்.

ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது

இங்கே சிந்திக்க நேரமில்லை என்பதால், சிந்தனையைப் புறப்படும் முன்பே செய்துவிட வேண்டும். பல நிறுவனங்களின் வழக்கம் இது: குறைந்த வேகத்தில் எந்த விளக்கு எரிந்தாலும் நிறுத்துவது, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு, வி-1 (புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதைக்குள் நிற்க முடிகிற கடைசி வேகம்) வரை, தீ, எஞ்சின் செயலிழப்பு, விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமை போன்றவற்றுக்கு மட்டும் நிறுத்துவது, வி-1 கடந்தால் எதுவானாலும் மேலேறி, பாதுகாப்பான உயரம் அடைந்த பிறகு கவனிப்பது. கதவு விளக்கு வி-1-க்கு ஐந்து நாட் முன்னால் எரிந்தால் என்ன செய்வோம் என்று கேப்டனும் துணை விமானியும் ஓடுபாதைக்குத் திரும்பும் முன்பே பேசியிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கான விடையை வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது தேடினால், நிற்கப் போதிய ஓடுபாதையும் இராது.

சொல்ல வேண்டியவர்களும் இறங்கும் இடமும்

விமானம் கட்டுக்குள் இருந்து, செக்லிஸ்ட் முடிந்த பிறகுதான் வானொலி. அவசரம், ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் “பான் பான்” மும்முறை. உயிராபத்து என்றால் “மேடே” மும்முறை, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற அவசர எண். எவ்வளவு எரிபொருள் இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன செய்யப் போகிறோம் என்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடலாம். கட்டுப்பாட்டாளர் மேலும் கேள்வி கேட்டு, அப்போது கை ஓயவில்லையென்றால், “ஸ்டாண்ட்பை” என்று சொல்லத் தயங்க வேண்டாம். சிறு கோளாறுக்காகப் பான் சொன்னதற்கு எவரும் தண்டிப்பதில்லை. சொல்லாததால் தரையிறங்கும் வரிசையின் நடுவில் காத்திருந்தவர்கள் உண்டு.

19 இருக்கை விமானங்களில் பெரும்பாலும் பணியாளர் இல்லை. சிலவற்றில் விமானி அறைக்கும் பயணிகளுக்கும் நடுவே கதவும் இராது. முதல் வரிசையில் இருப்பவர் சிவப்பு விளக்கு எரிவதை உங்களோடு சேர்ந்தே பார்க்கிறார்; அதைவிட உங்கள் தோள்களையும் கைகளையும் பார்க்கிறார். ஆகவே அறிவிப்பு குறுகியதாக, உண்மையானதாக இருக்கட்டும்: “ஒரு விளக்கு எரிகிறது, அதைச் சரிபார்க்க மதுரையில் இறங்குகிறோம், 15 நிமிடம் ஆகும், பெல்ட் அணிந்தே இருங்கள்.” தொழில்நுட்பச் சொல் எதுவும் தேவையில்லை, “கவலைப்பட ஒன்றுமில்லை” என்பதும் தேவையில்லை, அதைக் கேட்ட பிறகுதான் பலர் கவலைப்படத் தொடங்குகிறார்கள்.

எங்கே இறங்குவது என்பதைச் செக்லிஸ்ட் சில நேரம் “மிக அருகிலுள்ள பொருத்தமான விமான நிலையம்” என்று மட்டும் சொல்லும். அருகில் இருப்பதெல்லாம் பொருத்தமாகிவிடாது. ஒற்றை எஞ்சினோடு குறுகிய ஓடுபாதை, பக்கக் காற்று, தீயணைப்பு வண்டி இல்லாத நிலையம் ஆகியவற்றைவிட, 10 நிமிடம் தள்ளியிருக்கும் நீண்ட ஓடுபாதை நல்லது. அணையாத தீயும் புகையும் மட்டும் விதிவிலக்கு. அங்கே 10 நிமிடம் என்பது மிக நீண்ட நேரம்.

தரையிறங்கிய பின்

இங்கேதான் அலுப்பும் அடுத்த பயணத்தின் அவசரமும் சேர்ந்து கெடுதல் செய்கின்றன. சிறு விமானங்கள் ஒரு நாளில் பல முறை ஏறி இறங்குகின்றன. தானாக எரிந்து தானாக அணைந்த விளக்கைப் பதிவேட்டில் எழுதினால் விமானம் நின்றுவிடும் என்ற அச்சம் எழுதவிடாமல் தடுக்கும். எழுதத்தான் வேண்டும். “ஜெனரேட்டர் விளக்கு எரிந்தது” என்று எழுதினால் பொறியாளருக்குப் பயனில்லை. எந்தப் பக்கம், எந்த உயரம், எவ்வளவு நேரம், அப்போது பனி நீக்கி ஓடிக்கொண்டிருந்ததா, சுமைமானி எவ்வளவு காட்டியது, மீட்டமைத்ததும் என்ன ஆயிற்று என்பவை வேண்டும். தரையில் பழுது தெரியாமல் போகும் கோளாறுகள் இந்த விவரங்களால்தான் பிடிபடுகின்றன. நினைவில் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், பறக்கும்போதே முழங்கால் அட்டையில் நேரத்தோடு குறித்துவிட வேண்டும்.

பழுதை உடனே சரிசெய்ய இயலாவிட்டால், குறைந்தபட்சக் கருவிப் பட்டியலான எம்.இ.எல். அனுமதிக்கிறதா என்று கேப்டனும் பொறியாளரும் சேர்ந்து பார்ப்பார்கள். பி வகைப் பழுதை 3 நாளுக்குள்ளும் சி வகையை 10 நாளுக்குள்ளும் சரிசெய்தாக வேண்டும். அதுவரை சில நிபந்தனைகளுடன் பறக்கலாம். அந்நிபந்தனைகளைப் படிப்பது துணை விமானியின் வேலையுமாகும்: பகலில் மட்டும் பறக்கலாம், பனிப்படலம் உருவாகும் மேகத்துக்குள் செல்லக் கூடாது, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இன்னது சோதிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். வேலை செய்யாத விளக்கின் அருகே பழுதென்று எழுதிய சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறதா, பதிவேட்டில் தள்ளிவைத்த தேதியும் கெடு தேதியும் இருக்கின்றனவா, பொறியாளரின் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பயணத்துக்கான எரிபொருளைக் கேட்க வேண்டும்.